மரத்துப்போகும் முன்

சந்தியா: அன்னிக்கு போன்ல இன்னா சொன்னீங்க? அத அப்பிடியே சொல்லுங்க.

உமாபதி: "கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு. சதையெடுத்து டெஸ்ட் பண்ணணுமாம்"னேன்.

சந்தியா: அப்புறம்?

உமாபதி: "துணைக்கு ஆள் இல்லாம செய்ய மாட்டாங்களாம்"னேன். நீ, "உங்க அண்ணனக் கூப்பிடுங்க"ன்னு கட் பண்ணிட்ட.

சந்தியா: அஞ்சு நிமிஷத்துல நானே திரும்பக் கூப்பிட்டேனே, அத வுட்டுட்டீங்க... கால ஆட்டாதீங்க, பெஞ்சே ஆடுது.

உமாபதி: பசிம்மா. ஆபரேஷன்னா வெறும் வயித்துலதான...

கீர்த்தி: உமாபதி சார், அடுத்து நீங்கதான். யாரு சார் பட்டினியா வரச் சொன்னது? கன்னத்துல மட்டும் மரத்துப்போற ஊசி. பயறு அளவு சதை, ஒரு தையல், அவ்ளோதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதனா போடறீங்களா?

சந்தியா: இல்ல சிஸ்டர்.

உமாபதி: உனக்கெப்பிடித் தெரியும்? எட்டு மாசமா வாலாஜாபாத்துல உங்கம்மா வூட்ல இருந்துக்கினு...

சந்தியா: போடறீங்களா?

உமாபதி: ...இல்ல.

கீர்த்தி: மேடம், வேலை இருந்தா நீங்க கெளம்பலாம். இதுக்குத் துணையெல்லாம் தேவையில்ல.

சந்தியா: தேவையில்லியா?

உமாபதி: சிஸ்டர், உள்ள உங்களக் கூப்பிடறாங்க பாருங்க...

கீர்த்தி: யாரும் கூப்பிடல சார். ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். இன்னான்னு தெரிஞ்சுக்கத்தான் எடுக்கறோம், அதுக்குள்ள நீங்களா எதையும் நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு சூடு, காரம் ரெண்டும் வேணாம். ரெண்டு மூணு மணி நேரம் மரத்தே இருக்கும், பேச்சு குழறும்... இதோ வந்துட்டேன் டாக்டர்!

சந்தியா: பொய் சொல்லி வரவச்சிருக்கீங்க.

உமாபதி: திட்டு பொய்யில்லியே.

சந்தியா: அந்தப் பாக்குப் பொட்டலத்த வுடுங்கன்னு எத்தினி வாட்டி கெஞ்சனேன்! நானா, அதுவான்னு கேட்டதுக்கு, வாயத் தொறக்காம தறிய ஓட்டிக்கினு இருந்தீங்களே...

உமாபதி: வுட்டுட்டேன்.

சந்தியா: எப்ப? டாக்டர் பயமுறுத்தினப்புறமா?

உமாபதி: நீ பஸ் ஏறன அன்னிக்கே.

சந்தியா: ...எட்டு மாசமாவா? சொல்றதுக்கு இன்னா?

உமாபதி: சொன்னா, பொட்டலத்த வுட்டதுக்காகத்தான் வந்திருப்ப.

சந்தியா: நல்லா இருக்குது ஞாயம்! தறியில எம் எடத்துல, பார்டர் போட யாரக் குந்த வச்சிருக்கீங்க?

உமாபதி: யாருமில்ல. பார்டரில்லாத சேலையாவே நெய்யறேன். மொதலாளி தெனம் திட்றாரு.

சந்தியா: திட்டட்டும். இப்ப மட்டும் நா எதுக்காக வந்திருக்கேனாம்? சீக்காளியப் பாக்கவா?

உமாபதி: அதான் பயமே. ஊசிக்குக்கூட இவ்ளோ பயமில்ல.

கீர்த்தி: சார், வாங்க. செருப்ப வெளியவே வுட்டுடுங்க.

சந்தியா: போங்க... இன்னா நிக்கறீங்க? எதனா சொல்லணும்னா வந்து சொல்லுங்க.

உமாபதி: வந்தா வாய் குழறும்.

சந்தியா: அப்ப இப்பவே சொல்லுங்க.

கீர்த்தி: சார்...

உமாபதி: ஒரே நிமிஷம் சிஸ்டர். சந்தியா... ரிசல்ட் எப்பிடி வேணா வரட்டும். அது வர்றதுக்கு முன்னாடி... அதுக்காக இல்ல, எனக்காக... வூட்டுக்கு வந்துடும்மா.