ரோட்டில் எடுக்கக் கூடாது

— அப்பா இல்லன்னு சொன்னேனல்லே சார்.

— பின்னே அந்த வண்டிக்கடியிலேந்து நீட்டிண்டிருக்கறது யாரோட கால், ஜிஷா?

— அது… வேலைக்கு நிக்கற ஆளு.

— வேலைக்கு நிக்கற ஆளு உங்கப்பா மாதிரியே சர்ச் ஞானப்பாட்டு முணுமுணுத்துண்டா நட்டு முடுக்குவான்? எனக்குக் கண்தான் சரியில்லே. காது நன்னா இருக்கு.

— சார், நாளைக்கு விசாரணை. உங்க மக மாளவிகா எங்க வொர்க்‌ஷாப் மேல போட்ட கேஸ். அதுக்கு மொத நாள் நீங்க இங்க வந்து நிக்கலாமா? எங்க வக்கீல் அறிஞ்சா எங்களைத்தான் கொல்லும்.

— மோளே, நீ சும்மா இரு. வாங்க சாமி. கை பூரா கிரீஸு. கும்பிட முடியல, கோவிச்சுக்கிடாதிய.

— கோவிச்சுக்க வரலே ஞானசிகாமணி. கிழக்கேகோட்டையிலேந்து பஸ்லே நின்னுண்டே வந்திருக்கேன். ஒரு பேப்பர் வேணும்.

— என்ன பேப்பரு?

— ஜாப் கார்டு. ரெண்டு வருஷம் முன்னே அந்த வெள்ளிக்கிழமை என் வண்டி சர்வீஸுக்கு வந்தப்போ எழுதின மஞ்சக் கார்டு.

— அது காணாமப் போச்சு சாமி. வக்கீல்கிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கு.

— இருபத்தாறு வருஷத்துக் கார்டும் அந்த இரும்பு அலமாரியிலே வருஷவாரியா கட்டி வெச்சிருக்கேள். நான் ஆடிட்லே முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவன். காணாமப் போன பேப்பர் எது, காணாமப் போக்கடிச்ச பேப்பர் எதுன்னு வாசனையிலேயே தெரியும்.

— அப்படி அந்தக் கார்டில என்னா சார் இருக்கு?

— என் கையெழுத்து இருக்கு ஜிஷா. ‘சர்வீஸ் முடிந்த பின் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது.’ நானே எழுதினேன். அடியிலே ரெண்டு கோடு போட்டேன்.

— கர்த்தாவே! அப்பா, உள்ளதா? கேஸில மாளவிகா சேச்சி எழுதியிருக்கறது என்னா? ‘பிரேக் ஆயில் மாத்தின வண்டிய ஓட்டிப் பாக்காமலே கொடுத்தாங்க, மூணாம் நாள் பொன்முடி இறக்கத்தில பிரேக் போச்சு, எங்க அம்மா இறந்தாங்க.’ ஓட்டக் கூடாதுன்னு சொன்னதே அவங்க அப்பான்னா பின்னே எங்கே கேஸ்?

— அதைச் சொல்லத்தான் வந்தேன். மாளவிகாவுக்கு இது தெரியாது. நாளைக்குக் கோர்ட்லே நானே எழுந்து நின்னு சொல்லப் போறேன். வெறும் வாயாலே சொன்னா, ‘அப்பாவுக்கு வயசாயிடுத்து, மனசு கலங்கிப் பேசறார்’னு அவ வக்கீல் சொல்லிடுவார். அதுக்குக் கார்டு வேணும்.

— அப்பா, எடுத்துக் கொடு. கேஸ் தோத்தா கடைய அடைக்கணும்னு அம்மைகிட்ட சொன்னது நீயல்லே?

— நீ போயி மூணு சாயா வாங்கிட்டு வா மோளே.

— இப்பவா?

— இப்பத்தான். சாமிக்கு சீனி வேண்டாம்.

— ஷரி. நான் திரும்பி வரும்போ கார்டு மேஜை மேல இருக்கணும். சாருக்கு மனசு மாறதுக்கு முந்தி.

— உம்ம பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி.

— அவளுக்க அம்மைக்க வாயி சாமி. நான் ஒண்ணும் செய்ய முடியாது. இருங்க, அந்த ஸ்டூலு ஆடும், இதுல இருங்க.

— ஏன் மறைக்கறேள், ஞானசிகாமணி? தப்பு என்னோடது. மாளவிகாவுக்கு அம்மா போனதுக்குக் காரணம்னு ஒரு பேர் வேணும். அந்த இடத்துலே உங்க பேரை எழுதி வெச்சிருக்கா. இருக்க வேண்டியது என் பேர்.

— அவ கொழந்தை. எழுதட்டு.

— எத்தனை வருஷம் உங்களோட சண்டை போட்டிருக்கேன்! வண்டியை விடறச்சே மீட்டரைக் குறிச்சுண்டு போவேன். வாங்கறச்சே பார்ப்பேன். ஒரு தரம் பதினொண்ணு கூடியிருந்தது.

— ஏழு.

— பதினொண்ணு. சீட்டுலே கை துடைச்ச கறை. ரேடியோவிலே ஸ்டேஷன் மாறியிருந்தது. எவனோ என் வண்டியிலே பாட்டு கேட்டுண்டு இன்ஜினை விரட்டிண்டு போயிருக்கான். அந்த வண்டியை நான் நாப்பதுக்கு மேலே ஓட்டினதே கிடையாது.

— இங்க வேலைக்கு நின்ன வீரபாண்டிதான். நல்ல ஏச்சு குடுத்தேன். ஆனா சாமி, ஓட்டாம எப்படிக் குடுக்கது? லிஃப்டுல தூக்கி வெச்சு சக்கரத்தைக் கையால சுத்தினா வண்டி ஒண்ணும் சொல்லாது. ரோட்டுல எறங்கி, ஒரு வேகத்துல போயி, சடார்னு ஒரு மிதி. அப்பத்தான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். பிரேக் ஆயில்ல காத்து நின்னா மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். அது காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

— அதே வீரபாண்டி டெஸ்டுக்குப் போறேன்னு யாரோட வண்டியையோ கொண்டுபோய் ஆட்டோவிலே முட்டினானே? அந்த வண்டிக்காரர் எந்தப் பாவம் பண்ணினார்? ஆயில் மாத்தக் கொடுத்தார். அவ்வளவுதான்.

— முட்டினான். இல்லன்னு சொல்லல. அதுக்குப் பொறவு ஒருத்தனையும் விடல, நானே போனேன். முட்டுகது பயம்தான். ஓட்டாம குடுத்தா எனக்கு அதை விடப் பயம்.

— இதையேதான் அன்னிக்கும் சொன்னேள். நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? ‘எங்காத்துலே அம்பாளுக்கு நைவேத்யம் பண்றச்சே ருசி பாக்கற வழக்கமே கிடையாது. முப்பத்தஞ்சு வருஷமா பாயசத்துலே வெல்லம் கூடினதும் இல்லே, குறைஞ்சதும் இல்லே. வேலை தெரிஞ்சவனுக்கு டெஸ்ட் எதுக்குங்காணும்?’ நான் சரின்னுட்டு சாவிய வாங்கிட்டேன்.

— ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுண்டேன். வண்டியிலே ஏறினதும் ஆத்துக்காரி அனந்தலக்ஷ்மிகிட்டே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

— மாமியும் சிரிச்சாவளா?

— ஜன்னல் பக்கம் திரும்பிண்டு சிரிச்சா. ஏன் கேக்கறேள்?

— ஒண்ணுமில்ல.

— ஞானசிகாமணி.

— உங்களுக்குக் கண் ஆப்பரேஷன் ஆன பொறவு மாமிக்கு வண்டி ஓட்டப் பழக்கிக் குடுத்தேன் பாத்தியளா, சங்குமுகத்துல, பத்து சனிக்கிழமை? அப்ப ஒரு நாள் சொன்னாவ. ‘நானும் ஒரு சொட்டு உள்ளங்கையிலே விட்டுப் பாத்துட்டுத்தான் உருளியை இறக்குவேன். அம்பாள் மன்னிச்சுடுவா. அவர்தான் மன்னிக்க மாட்டார். சொல்லிடாதீங்கோ’ன்னு.

— முப்பத்தஞ்சு வருஷமுமா?

— அப்படித்தான் சொன்னாவ. கோவமா சாமி?

— இல்லே. பாயசம் நன்னாத்தான் இருந்தது.

— அப்பா! பால் தீர்ந்து போச்சாம். கட்டன் சாயா மதியா?

— மதி மோளே, அது போதும்! ரோட்டுல நின்னு விளிக்காத!

— கார்டு எடுத்தாச்சா?

— நீ போ!

— அவ கேக்கறது நியாயம். எடுங்கோ. நீங்க டெஸ்ட் பண்ணலே. ஏன்னா நான் பண்ண விடலே. ஞாயித்துக்கிழமை பொன்முடி போனோம். திரும்பறச்சே, கல்லாறுக்குக் கொஞ்சம் மேலே, பிரேக் இல்லே. அனந்தலக்ஷ்மி மிதிக்கறா, மிதிக்கறா, தரை வரைக்கும் போறது. எனக்குத் தோள்பட்டை முறிஞ்சதோட போச்சு. ரெண்டு வருஷமா தினம் கார்த்தாலே பல் தேய்க்கறச்சே அந்த வாக்கியத்தை மனசுக்குள்ளே வாசிக்கறேன். ரோட்டில் எடுக்கக் கூடாது. நான் எழுதினது. என் குத்தம் இதுதான்னு வெச்சுண்டுட்டேன். இதோட இருக்கவும் பழகிட்டேன். அதை நாளைக்கு மாளவிகா முன்னாடி சொல்லிட்டா முடிஞ்சது.

— கார்டைத் தந்தா நீங்க மறுபக்கத்தையும் பாப்பிய.

— மறுபக்கத்துலே என்ன இருக்கு?

— இந்தாங்க. அலமாரியில இல்ல, இங்க டிராயர்லதான் வெச்சிருந்தேன். கண்ணாடி இருக்கா?

— இருக்கு. ‘கரமனை முதல் நேமம் வரை, திரும்ப. ஒன்பது கி.மீ. பிரேக் நல்லம்.’ இது உங்க எழுத்து. அந்த வெள்ளிக்கிழமை தேதி. என்னது இது?

— நான் ஓட்டிப் பாத்தேன் சாமி.

— பொய். வண்டியை வாங்கறச்சே மீட்டர் பாத்தேன். ஒரு கிலோமீட்டர் ஏறலே.

— ஏறாது. பழைய வண்டில்லா. மீட்டருக்குப் போற கேபிளைக் கழத்தி விட்டா கொல்லம் வரைப் போயிட்டு வந்தாலும் நம்பர் அசையாது. வந்த பொறவு மாட்டிருவேன்.

— கழட்டினேளா! என் வண்டியிலேயா?

— ஓட்டக் கூடாதுன்னு எழுதித் தாற எல்லார் வண்டியிலயும். புது வண்டியில அது நடக்காது, எல்லாம் கம்ப்யூட்டரு. அவங்ககிட்ட கெஞ்சுவேன். பழசுன்னா கழத்துவேன்.

— இது மோசடி!

— ஆமா.

— எழுத்து மூலமா கொடுத்ததை மீறி, மீட்டரைக் கழட்டி, ஒன்பது கிலோமீட்டர்…

— சாமி, நீங்க இப்பம் கோவப்படுகது அந்த ஒன்பது கிலோமீட்டருக்கா?

— இல்லே. பழக்க தோஷம். மேலே சொல்லுங்கோ.

— கார்டை மறைச்சது எனக்காகவும்தான். கோர்ட்டுல இதை வாசிச்சா நாளைக்கு ஒருத்தன் எனக்க கையில சாவி தருவானா? இன்னொரு காரியமும் உண்டு. நேமம் போற வழியில நாலு எடத்துல மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி நின்னுது. அப்ப பிரேக் எப்படிப் போச்சுன்னு ஜட்ஜு கேப்பாரு.

— எப்படிப் போச்சு?

— வண்டி போலீஸ் ஸ்டேஷன்ல கிடந்தப்ப போயிப் பாத்தேன். பிரேக் லைனிங் கரிஞ்சு போய்க் கிடந்துது. ஆயில்ல காத்து நின்னா மிதி அமுங்கும், ஆனா கரியாது. கியர் இல்லாம, மலை பூரா பிரேக்கையே மிதிச்சு மிதிச்சு இறங்கினாத்தான் அப்படிக் கரியும். சூடு ஏறி ஆயில் கொதிச்சிரும். பொறவு மிதி தரைக்குப் போயிரும். இதை நான் சொன்னா பழி யார் மேல? ஓட்டினவங்க மேல. செத்துப் போன ஆளு எந்திரிச்சு வந்தா பதில் சொல்லுவாவ?

— அவளுக்கு ஓட்டத் தெரியலேன்னு ஆயிடும்.

— அதான் வாயத் திறக்கல. ஆனா எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடி கிட்டல சாமி. சனிக்கிழமை மாமி போன் பண்ணிக் கேட்டாவ, எறக்கத்துல எந்தக் கியருன்னு. ரெண்டுன்னு சொன்னேன். ‘இன்ஜின் கிடந்து கத்தும், பயப்படாதிய, அதுதான் வண்டியைப் பிடிச்சு வைக்குது. அடிவாரம் வரை கியரை எடுக்காதிய.’ திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமச் சொன்னாவ.

— காகிதத்துலே எழுதி ஸ்டீயரிங் பக்கத்துலே ஒட்டியும் வெச்சிருந்தா.

— அப்ப ஏன் எடுத்தாவ? பயந்துட்டாவளா?

— அவ பயப்படலே.

— சாமி? என்ன செய்யுது? தண்ணி வேணுமா?

— வேண்டாம். சாயா வரதுக்குள்ளே சொல்லிடறேன். நாளைக்கு இந்தக் கார்டைக் கோர்ட்லே வெச்சுடுங்கோ. ரெண்டு பக்கமும். கேபிள் கழட்டினதையும் ஒத்துக்கோங்கோ. லைனிங் கரிஞ்சதையும் சொல்லுங்கோ.

— சொன்னா நான் தப்பிச்சிருவேன். மாமி மேல பழி விழும். உங்க மக அதைத் தாங்குவாளா?

— அவ மேலே விழாது.

— அதெப்படி விழாம இருக்கும்? ஓட்டினது மாமில்லா?

— அவ ரெண்டு கையும் ஸ்டீயரிங்கிலே இருந்தது, ஞானசிகாமணி. இன்ஜின் இந்தக் கத்து கத்தறதே, வண்டி பாழாப் போறதேன்னு, முதல் வளைவு தாண்டினதுமே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கல்லாறு வரைக்கும் விடாமப் பிடிச்சுண்டு வந்தது என் கை.