முள்கத்தரிப் பழம்

சாப்பாட்டில் குறை சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது, சார். அக்கா எதை வைத்தாலும் சாப்பிடுவேன். நான் தையற்காரன், முன்னறையில் மெஷின். அக்கா சமைப்பாள், மிச்ச நேரத்தில் சட்டைகளுக்குப் பட்டன் வைப்பாள். கல்யாணம் ஆகாத இரண்டு பேர், சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தோம்.

வீட்டுக்குப் பின்னால் முள்கத்தரிச் செடி ஒன்று தானாக வளர்ந்திருந்தது. இலையிலும் முள், தண்டிலும் முள். பழம் மஞ்சளாகத் தொங்கும். அது விஷம் என்று சொன்னதே அக்காதான். ஒருநாள் அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பழங்களைப் பறித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அன்றிலிருந்து அவள் வைத்த சோற்றை நான் தொடவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதும் கண் அடுப்படியிலேயே இருந்தது.

“என்னடா, தட்டுல வச்சது அப்படியே இருக்கு? உடம்புக்கு என்ன?” என்றாள். ஆழம் பார்க்கிறாள் என்று புரிந்தது.

என் பங்கைத் தெருப் பூனைக்கு வைத்தேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. அக்கா அவ்வளவு நிதானக்காரி.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து, அடுப்படி என் கைக்கு வந்தது. டப்பாவைத் தேடினேன். பழங்களோடு குப்பைக்கூடையின் அடியில் கிடந்தது. நல்ல மறைவிடம்தான்.

“கஞ்சி கசக்குதேடா.”

“காய்ச்சல் வாய்க்கு அப்படித்தான் இருக்கும்க்கா.”

“பரவால்ல, என் தம்பி வச்சது,” என்று வழித்துக் குடித்தாள். மறுநாள் போய்விட்டாள். காய்ச்சல்தான் காரணம் என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து அழுதாள். “எங்க பாப்பா அந்தப் பழத்த வாயில வைக்கப் போச்சு. அக்காதான் எல்லாத்தையும் பறிச்சுக் குப்பையில போட்டாங்க. தம்பிகிட்ட சொல்லாத, பயந்தே செத்துருவான்னாங்க.”

நம்பும்படியாகத்தான் சொன்னாள். இருவரும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். பாத்திரத்தைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டுகிறது. அக்காவைக் கொன்றது நான்தான், சார், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெண் வர முடியாத இடத்தில் என்னைப் பூட்டிவையுங்கள்.

இனி அவள் வர மாட்டாள் என்றும் தோன்றுகிறது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. காலையில் கஞ்சி வைத்து, நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.