ஏழாம் பெட் எழுதிக் குடுத்த நோட்ஸ்

...இல்லைங்க, நீங்களே பாருங்க, இந்த அட்டையில என்ன எழுதித் தொங்க விட்டிருக்காங்கன்னு? "இந்த நோயாளியிடம் மாணவர்கள் பேச்சுக் கொடுக்கக் கூடாது." கூடாதாம்! முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா கத்தின வாய்ங்க இது. நீங்க இன்னிக்கித்தான் பக்கத்து பெட்டுக்கு வந்தீங்க, உங்களுக்கு எங்க தெரியப் போகுது. படுங்க, படுங்க... படுத்துக்கிட்டே கேளுங்க.

எல்லாம் அந்தப் பெரிய டாக்டர் பண்ணின வேலை. "கிளாஸ்ல நான் சொல்றத மட்டும் நம்பி உக்காந்திருக்காதீங்க. ஓய்வு நேரத்துல வார்டுக்குப் போங்க, நோயாளி பக்கத்துல உக்காருங்க, நீங்களா கண்டுபிடிங்க"ன்னு டாக்டருக்குப் படிக்கிற பசங்கள உசுப்பி விட்டுட்டாரு. என் இதயத்துல ஒரு வால்வு சரியா மூடாதாம். சத்தம் அவ்வளவு தெளிவாம். அப்புறம் என்ன? விடிஞ்சா வரிசை. ஸ்டெதாஸ்கோப்பு ஒவ்வொண்ணும் ஐஸ்கட்டி! பல்லு வெளக்க விடலைங்க.

முதல்ல வந்தது கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு. கண்ணாடின்னு பேரு வெச்சிருக்கேன். இருபது நிமிஷம் கண்ண மூடிக்கிட்டுக் கேக்கும். கைய வாங்கி நகத்தப் பாக்கும். அதிகம் பேசாது. மத்ததுங்க பாவம், "அங்கிள், மெஸ் மூடிருவாங்க, என்ன சத்தம்னு நீங்களே சொல்லிடுங்களேன்"... அங்கிள்னு கூப்பிட்டா மனசு கேக்குமா? பெரிய டாக்டர் வாயால நூறு தடவ கேட்டது, எனக்கு மனப்பாடம். "இடது மார்புக்குக் கீழ, சாக்கு இழுக்குற மாதிரி சத்தம், கக்கம் வரைக்கும் போகும். காய்ச்சல் கிடையாது." சாக்கு மட்டும் என் சொந்தச் சரக்கு. தாள்ல எழுதியே குடுத்துட்டேன். ரெண்டு பேட்ச்சுக்கு ஜெராக்ஸ் போச்சு! புரொபசர்னு கூப்பிட்டானுங்க. சில்லறை இல்லைன்னு ஊரெல்லாம் திட்டு வாங்கினவனுக்கு, சும்மா சொல்லக் கூடாது, குளுகுளுன்னு இருந்துச்சு.

செவ்வாக்கெழம இதே எடத்துல நிக்க வெச்சுப் பரீட்சை. பதினாலு பேரு, பதினாலு பேரும் "சாக்கு இழுக்குற மாதிரி சார்." எந்தப் புத்தகத்துலய்யா சாக்கு இருக்குன்னாரு பெரிய டாக்டரு. பதினஞ்சாவது ஆளு கண்ணாடி. "சார், போன வாரம் கேட்ட சத்தம் இல்ல இது, மாறியிருக்கு. நகத்துக்கு அடியில செவப்பா கோடு கோடா இருக்கு. இவருக்கு சாயங்காலத்துல காய்ச்சல் வருதுன்னு நெனைக்கிறேன்."

துரோகம்ங்க! வெள்ளிக்கெழம வீட்டுக்குப் போக வேண்டியவன். ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, வால்வுல கிருமி ஒக்காந்திருக்காம், ஆறு வாரம் ஊசியாம்.

என்னது? காய்ச்சல் வந்துச்சாவா? ...வந்துச்சு. மெதுவா பேசுங்க! எட்டு நாளா வந்துச்சு. நர்சம்மா தெர்மாமீட்டரோட வர்றதுக்கு முன்னாடி சூடு காட்டிக் குடுத்துடக் கூடாதுன்னு பச்சத் தண்ணிய வாயில வெச்சுக் கொப்புளிச்சுட்டு... சின்ன மகளுக்கு அடுத்த வாரம் பிரசவங்க. தாத்தாக்காரன் பக்கத்துல நிக்க வேணாமா? "அப்படியே போயிருந்தீங்கன்னா அந்தக் கொழந்தை நடக்குறதப் பாத்திருக்க மாட்டீங்க"ன்னாரு பெரிய டாக்டர். பதினாலு பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னானுங்க. நானும்தான், படுத்த வாக்குல.

உஷ்... கண்ணாடி வருது. வாம்மா, வா. அட்டையெல்லாம் உனக்கில்ல... நேத்து சாயங்காலமா? காய்ச்சல் இருந்துச்சும்மா. நூத்தி ஒண்ணு. எழுதிக்க. மிச்சத்துக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன், நீயே கேட்டுப் பாத்துக்க.