ரெண்டு கையெழுத்து

இல்லப்பா, அது என் நம்பர் இல்ல. என்னுது நாப்பத்தேழு. இப்பத்தான் நாப்பத்தொண்ணு உள்ள போகுது. உன்னுது அம்பத்திரண்டா? அப்ப நீ ஒரு காபி குடிச்சிட்டே வரலாம். வேணாமா? சரி, உக்காரு.

கால் ஆட்டுறேனா? மன்னிச்சுக்க தம்பி. காலைலேருந்து அதுவா ஆடுது.

நானா? இங்கிலாந்து. பேரு லென். எங்க நாடு ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய போச்சுல்ல, அப்பலேருந்து எங்களுக்கும் இந்த வெளிநாட்டுக்காரங்க ஆபீஸ் பெஞ்சுதான். நீ செனகல்லேருந்து படகுல வந்தே, நான் கோல்ஃப் பையோட ப்ளேன்ல வந்தேன். வந்து சேர்ந்த இடம் ஒண்ணுதான்.

பதினஞ்சு வருஷம் ஆச்சு. அலிகாண்டே டவுனுக்கு மேல, மலையில ஒரு சின்ன ஊரு. இவங்க கேக்கறது ஒரே கேள்விதான். ரெண்டாயிரத்து இருபது முடியறதுக்கு முன்னாடி நீ இங்க குடியிருந்தியா? அதைக் காகிதத்துல காட்டிட்டா குடியிருப்பு அட்டை குடுத்துருவாங்க. காட்ட முடியலன்னா நான் டூரிஸ்ட்டு. ஆறு மாசத்துல தொண்ணூறு நாளு, அதுக்கு மேல மூட்டையைக் கட்டணும்.

ஒரு காகிதம் கூடவா இல்லன்னு கேக்குறே. இல்லாமப் பாத்துக்கிட்டதே நாங்கதானே. எங்க தெருவுல பன்னெண்டு வீடு இங்கிலாந்துக்காரங்க. இங்க குடியிருக்கோம்னு டவுன்ஹால்ல பேர் குடுத்தா கார் நம்பர் பிளேட்டை மாத்தணும், வரி கிரின்னு வரும். அதனால ஒருத்தரும் குடுக்கல. வாடகை கையில காசு. கரண்டு பில்லு வீட்டுக்காரர் பேர்ல. பார்ல உக்காந்து இதையே பேசிச் சிரிப்போம். அதுல நான்தான் வாத்தியாரு. நைட் ஸ்கூல் படிச்சவன், சட்டம் தெரிஞ்சவன்னு எல்லாரும் என்கிட்ட வருவாங்க.

என் சம்சாரம் பெரில் மட்டும் சிரிக்க மாட்டா. எழுதிக் குடுத்துரலாம் லென், நாம இங்கதானே இருக்கோம்னு சொல்லுவா. அடுத்த வாரம்னு சொல்லுவேன். வாரம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

அவ போயி நாலு வருஷம். ஊர் கல்லறையில பெட்டியை சுவத்துக்குள்ள அடுக்கடுக்கா வைப்பாங்கல்ல, அதுல மூணாவது அடுக்கு. ஏணி போட்டுத்தான் பூ வைக்கணும். ஞாயித்துக்கிழமையானா அந்த ஒரு ஏணிக்கு ஊரே அடிச்சுக்கும். பக்கத்து வீட்டு டொலோரெஸ் எனக்காக முன்னாடியே போயி ஏணியைப் பிடிச்சு வச்சிருப்பா. லேட்டாப் போனா, இங்கிலாந்துல கடிகாரம் விக்கிறதில்லையான்னு கேப்பா.

இந்தா பாரு. அவ கல்லறை இடத்துக்கு டவுன்ஹால்ல குடுத்த சீட்டு. ரெண்டாயிரத்து பத்தொம்பது, மார்ச் இருவத்திநாலு. என் பேரு, மலையூரு விலாசம், கீழ என் கையெழுத்து. என்னை இந்த ஊர்க்காரன்னு சொல்ற காகிதம் இது ஒண்ணுதான்.

இது போதும்னுதான் நானும் நெனச்சேன். ரெண்டு மாசம் முன்னாடி இதைத் தூக்கிட்டு வந்தேன். உள்ள இருக்கிற பொண்ணு படிச்சா, வருத்தமா இருக்குன்னா. அப்புறம் ஃபைல்லேருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து இது பக்கத்துல வச்சா.

அதுவா? அதே மார்ச், பத்தாம் தேதி. ரோட்டுல போலீஸ் நிறுத்திட்டான். இத்தனை வருஷமா இங்க இருந்துக்கிட்டு இங்கிலாந்து பிளேட்டான்னு அபராதம் எழுதப் போனான். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். நான் இங்க குடியிருக்கலை, மூணு வாரம் லீவுக்கு வந்த டூரிஸ்ட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் விட்டுட்டான். தெருவுல பன்னெண்டு வீட்டுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடுத்தேன்.

பெரில் பக்கத்து சீட்டுல இருந்தா. அப்படி எழுதாதே லென்னு சொன்னா.  அதுலேருந்து பதிமூணாம் நாள் அவளுக்கு நெஞ்சு வலி.

இல்ல, அந்தப் பொண்ணு கத்தல. ரெண்டும் உங்க கையெழுத்துதான், எது பொய்னு எழுதிக் கொண்டாங்கன்னா. பொய்க்கு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். அதை நான் முடிவு பண்றதில்லைன்னுட்டா.

ரோட்டுல எழுதினதுதான் பொய்னு எழுதிட்டேன். நாலே வரி. எழுத ரெண்டு மாசம் ஆச்சு.

யாரு, என்னையா? ஆமா, பேர் சொல்லித்தான் கூப்பிடுறா. இந்தத் தொப்பியைக் கொஞ்சம் பாத்துக்க தம்பி.

வர்றேன்மா. இங்கதான் இருக்கேன்.