ஒரே எண்ணில் இரண்டு முறை

– நான் அழிச்சது ஒரே தடவைடா தம்பி. அதுவும் பழைய வரைபடத்தை. நீ பார்த்துக்கற சர்வர் பதிவுல ரெண்டு தடவைன்னு இருந்தா நான் என்ன பண்ண?

– முதல்ல உட்காருக்கா. கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்தாதே.

– பதினொரு மணிக்கு மேனேஜர் வரச் சொல்லியிருக்கார். பாலத்தோட புது வரைபடத்தையே அழிச்சவள்னு என்னை வீட்டுக்கு அனுப்பப் போறார். எங்கேர்ந்து உட்கார்றது?

– சரி, நின்னுக்கிட்டே சொல்லு. நீ மெஷின்ல அழிக்கச் சொன்னதும் என்ன ஆச்சு?

– சர்வரோட லைன் போச்சு. திரை அப்படியே நின்னுடுச்சு. பக்கத்து ரூம் மெஷின்ல போய்ப் பார்த்தேன், பழசு அழிஞ்சிருந்துச்சு. பென்டிரைவ்ல இருந்த புதுசை அதே பேர்ல ஏத்தினேன்.

– பென்டிரைவ்ல இன்னும் இருக்குமே?

– ஏத்தினதும் துடைச்சுடணும்னு நம்ம ஆபீஸ் சட்டமாச்சே. துடைச்சுட்டேன். அப்புறம்தான் என் ரூம்ல லைன் வந்துச்சு.

– அங்கதான் வினை. சர்வர் பழசை அழிச்சுட்டு 'ஆச்சு'ன்னு பதில் அனுப்புச்சு. அது உன் மெஷினுக்கு வந்து சேரல. கேட்கலையோன்னு நினைச்சு, லைன் வந்ததும் உன் மெஷின் அதே வேண்டுகோளை மறுபடி அனுப்புச்சு. சர்வர் அந்தப் பேர்ல இருந்த புதுசை அழிச்சுடுச்சு. இங்க பாரு, ரெண்டு பதிவுக்கும் ஒரே வேண்டுகோள் எண். நீயே மறுபடி அழிச்சிருந்தா எண் மாறியிருக்கும்.

– அடப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! பிரின்ட் எடு.

– ம்.

– என்ன 'ம்'? இரு, இரு. திரும்பச் சொன்னா திரும்பச் செஞ்சுடுமா உன் சர்வர்? அதுக்கு மண்டையில ஒண்ணும் இல்லையா?

– இருக்கு. பதில் சொன்ன எண்களையெல்லாம் ஒரு பட்டியல்ல வெச்சிருக்கும். அதே எண் வந்தா, வேலையைச் செய்யாம பழைய பதிலையே கொடுத்துடும்.

– பின்ன ஏன் கொடுக்கல?

– சர்வர் மெதுவா இருக்குன்னு எல்லாரும் என் உயிரை வாங்கினீங்களே. போன வாரம் அந்தப் பட்டியலை நிறுத்தினேன். யாரையும் கேட்கல.

– ஐயோ. நீ வேலைக்குச் சேர்ந்தே மூணு மாசம் ஆகலையேடா. கைக்குழந்தை வேற.

– ஆமா.

– சரி, நான் சொல்றதைக் கேளு. கைதவறி ரெண்டு தடவை அழுத்திட்டேன்னு சொல்லிடறேன். பதினாலு வருஷ சர்வீஸ், ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க.

– வேலை போயிடும்னு இப்பதானே புலம்பினே?

– அது சும்மா பயம். எதையும் பிரின்ட் எடுக்காதே.

– எடுத்தாச்சுக்கா. நீ படியேறி வர்றதுக்கு முன்னாடியே அது மேனேஜர் மேஜைக்குப் போயிடுச்சு. நான் செஞ்சதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.