பதினேழாம் எண் பந்தய வண்டியின் எஞ்சின்

பெயர், விலாசம் மேலே எழுதியுள்ளபடி. வயது எழுபத்தொன்று. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். போலி வண்டியை விற்றதாகப் புகாருக்கு ஆளான பெண் என் தங்கை மகள். அதற்காக இந்தக் காவல் நிலையத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பன்னிரண்டு மணி நேர நெடுந்தூரப் பந்தயத்துக்கென்று தொழிற்சாலை இரண்டே வண்டிகள் கட்டியது. பதினாறு, பதினேழு. இருபத்துநான்கு லிட்டர் டேங்க், முன்விளக்குக்குக் கம்பி வலை, எல்லாம் நாங்கள் கையால் செய்தவை. பதினேழை ஓட்டியவர் என் தங்கை கணவர். முதல் வருடம் ஒன்பதாம் மணியில் செயின் அறுந்து, மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். மறுவருடம் இரண்டாம் இடம்.

மூன்றாம் வருடப் பந்தயத்துக்கு முந்தின நாள், அதிகாரிகள் எஞ்சின் எண்களைச் சரிபார்த்துப் போன பிறகு, வால்வு பார்க்க இரண்டு எஞ்சின்களையும் இறக்கி ஒரே மேஜையில் வைத்தேன். அடையாளத்துக்கு ஸ்பார்க் பிளக்கில் அட்டை கட்டுவது எங்கள் வழக்கம். பிளக்கைக் கழற்றியபோது அட்டைகளும் கையோடு வந்துவிட்டன. கவனிக்காமல் அட்டைகளை மாற்றிக் கட்டி, எஞ்சின்களையும் மாற்றியே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. முதல்முறை பெட்ரோல் போட வந்த தங்கை கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "மச்சான், இது என் எஞ்சின் இல்ல. மெதுவா போனா இழுக்கல, முறுக்கினா பறக்குது" என்றார். குனிந்து எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன், பதினாறுடையது. "வாயத் தெறக்காதீங்க மாப்ள, ஓட்டுங்க" என்றேன். அதன் பிறகு அவர் கியர் மாற்றும் இடத்தையெல்லாம் புதிதாகப் பழகிக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு நான்கு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தார். பதினாறை ஓட்டியவருக்கு வித்தியாசமே தெரியவில்லை, மூன்றாவதாக வந்தார். அப்படியொரு ஓட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

சரிபார்த்த எஞ்சின் மாறியது தெரிந்தால் வெற்றி செல்லாது என்பதால் இருவரும் மூச்சு விடவில்லை. எஞ்சினைத் திரும்ப மாற்ற எனக்குப் பலமுறை சந்தர்ப்பம் கிடைத்தது. ஜெயித்த எஞ்சினைப் பிரிக்க மனம் வரவில்லை. பிற்பாடு கம்பெனி அந்த வண்டியை அவருக்கே பரிசாகக் கொடுத்தது. அவர் காலமான பின் மகள் விற்றாள். வாங்கியவர், வண்டியின் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தார். "மாமா, அப்பா ஜெயிச்ச வண்டி பொய்யா?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. வெற்றியை ரத்து செய்தாலும் சரி என்று வந்தேன்.

பதினாறாம் எண் வண்டி தொழிற்சாலை வரவேற்பறையில் நிற்கிறது. பதினேழின் எஞ்சின் அதில்தான் இருக்கிறது. ஐயா நேரில் பார்க்கலாம், ஆனால் வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும். எஞ்சின் எண் உள்ள பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியவன் நானே.

விற்கப்பட்ட வண்டி அசல் என்பதும், தவறு என்னுடையது என்பதும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசிக்கக் கேட்டு, சரியென்று கையெழுத்திடுகிறேன்.