புதன்கிழமை மூச்சு

என் வீட்டுக்காரரை உங்களிடம் கூட்டிவரும் புதன்கிழமை என்றால் காலையில் எனக்குக் கை ஓயாத வேலை இருக்கும். இன்று நீங்களே வீட்டுக்கு வந்துவிட்டதால் உட்கார்ந்து பேச முடிகிறது, டாக்டர். அவரைப் பார்த்துவிட்டீர்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன என்றீர்கள். பிறகு, புதன்கிழமைகளில் அவர் எத்தனை மணிக்கு மூச்சுப் பயிற்சி செய்வார் என்று கேட்டீர்கள். கேட்கும்போது என் முகத்தைப் பார்த்தீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் இங்கே பாகூரிலேயே இருந்தேன். ஐம்பத்தைந்தாம் வருஷம் திரும்பியவர், பக்கத்துக் கடைச் சீனரிடம் கற்ற பயிற்சியையும் கொண்டுவந்தார். முழங்காலை லேசாக மடக்கி நின்று, வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுவது. விடிகாலையில், வெறும் வயிற்றில், கால் மணி நேரம். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்பார். நீங்களும் தடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றீர்கள்.

மாதம் ஒரு கடிதம் சைகோனிலிருந்து வரும், பிரெஞ்சில். படித்துப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். பதினான்கு வருஷம் ஓர் ஆண் தனியாகவா இருந்திருப்பான்? நான் கேட்கவில்லை. பொய்யைக் கேட்டுக்கொண்டு சோறு போட எனக்குப் பிடிக்காது. போன தை மாதம் அவரே ஆரம்பித்தார்.

"ஒரு தபா சைகோன் போய்ட்டு வந்துடறேன் நாகம்மா."

"இன்னாத்துக்கு?"

"பழைய சிநேகிதரப் பாக்கணும்."

அந்த வாரம்தான் உங்களிடம் கேட்டேன், மாத்திரை சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று. கை கால் விழுந்து படுக்கையாகிவிடுவார் என்றீர்கள். நான் பயந்துவிட்டதாக நினைத்துத் தைரியமும் சொன்னீர்கள்.

மாத்திரை அவருக்கும் பிடிக்காது. மூக்கடைப்பு, திண்ணையில் உட்கார்ந்தபடியே தூக்கம். கொதிப்பின் அளவு தொடர்ந்து குறைந்தே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஒரு புதன்கிழமை எழுந்திருக்க நேரமாகி, பயிற்சி முடித்த கையோடு உங்களிடம் வந்தார். அளவு இறங்கியிருந்தது. மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது மறுபடி பார்த்தீர்கள், ஏறியிருந்தது. கருவி பழசு என்றீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

புதன்கிழமைப் பயிற்சியை மட்டும் விடியலிலிருந்து பத்து மணிக்கு மாற்றினேன். உங்கள் அறைக்குப் பின்னால், புளியமரத்தடியில். வரிசையில் நாங்கள் மூன்றாவதாக வரும்போது கண்ணைக் காட்டுவேன்.

"மூச்சு வுடறதுக்குக்கூட உன் உத்தரவு வேணுமா?" என்று சிரிப்பார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுருக்கணும்" என்பேன். வரிசையே சிரிக்கும்.

எட்டு புதன்கிழமைகள். முதலில் பாதி மாத்திரை என்றீர்கள், பிறகு வேண்டாம் என்றீர்கள். சந்தோஷத்தில் உங்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தீர்கள், நான் குறைக்கவில்லை. கப்பல் டிக்கெட் வாங்கப் புதுச்சேரி புறப்பட்ட காலையில் விழுந்தார்.

மறுநாள் ஒரு கடிதம் வந்தது. சாவியை அவிழ்த்து, எல்லாக் கடிதங்களையும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொம்யூன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பலராமனிடம் கொடுத்தேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியும்.

"அத்தினியும் அந்தச் சீனர் எழுதனதும்மா. எந்நேரத்துல மூச்சு இழுக்கணும், எப்போ கூடாதுன்னு எழுதறாரு. அவரு சம்சாரம் தவறிட்டாங்களாம், ஒரு தபா வந்து பாருன்னு கூப்புடறாரு" என்றார்.

டாக்டரைப் பார்க்கும் முன் செய்யாதே, அளவு ஏமாற்றும் என்று கடைசிக் கடிதத்தில் இருந்ததாம். என் வீட்டுக்காரர் புதன்கிழமை விஷயத்தைப் பெருமையாக எழுதியிருக்க வேண்டும்.

ஒரு பெண்ணை மறைக்க நினைப்பவர்கள் இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். பலராமனும் ஆண்தானே.

தெரிந்துதான் செய்தேன், டாக்டர். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்கள், இனி வேளை தவறாமல் தருவேன். அவருக்குக் கண் மட்டும் நன்றாக இருக்கிறது. அறையில் நான் எங்கே நகர்ந்தாலும் கூடவே வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இவ்வளவு பார்த்ததே இல்லை.